பாலாறு கடலைத் தொடும் ஊரில் இரண்டு நாள்

ஆம்பூரில் தைக்கப்படும் செருப்பும் பூட்ஸும் கப்பலேறிக் கடல் கடந்து போகின்றன. ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து என்று தூர தேசங்களின் கடைவீதிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுமினுக்கின்றன. ஆனால், அந்தத் தோலைப் பதப்படுத்தியவர்களிலும், வெட்டித் தைத்தவர்களிலும், கடலை ஒரு முறையாவது கண் குளிரப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இந்த ஊர்களில் லீவு நாள் என்றால் ஜனங்கள் போகுமிடம் அநேகமாக நிச்சயம். ஏலகிரி மலை இருக்கிறது. அமிர்தி காடு இருக்கிறது. வேலூர்க் கோட்டை அகழிக் கரை எப்போதும் இருக்கிறது. கடல் பார்க்க ஆசை வந்தால் சென்னைக்கு ரெயிலேறி, மெரினாவில் ஒரு மணி நேரம் நின்று, சுண்டல் வாங்கித் தின்று, கூட்டத்தில் குழந்தையின் கையை இறுகப் பிடித்தபடியே திரும்பி வருகிறார்கள். மறுநாள் வேலைக்குப் போகும்போது அலுப்புதான் மிச்சம். இது ஓய்வு ஆகுமா?

ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறை வந்தால் குடும்பம் குடும்பமாகச் சிறிய கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்த் தங்கிவிடுவார்கள். ஊர் சுற்ற அல்ல. காலையில் கடல், மத்தியானம் தூக்கம், மாலையில் மறுபடியும் கடல், இரவில் மீன். இதுதான் அவர்களுடைய நிகழ்ச்சி நிரல்! பெரிய நகரத்துக்குப் போகாமல் சின்ன ஊருக்குப் போவதிலும், ஒரு மணி நேரம் பார்க்காமல் இரண்டு மூன்று நாள் இருப்பதிலும்தான் அதன் ரகசியம் இருக்கிறது.

தோல் தொழில் ஊர்களுக்கும் அப்படி ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அதற்கு வழி காட்டுவதற்கு ஒரு ஆறே இருக்கிறது!

ஆறு காட்டும் வழி

கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு, ஆந்திர எல்லையைக் கடந்து வாணியம்பாடி அருகே தமிழ்நாட்டில் நுழைகிறது. ஆம்பூரையும் வேலூரையும் ராணிப்பேட்டையையும் தொட்டுக்கொண்டு, காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கமாக ஓடி, வயலூர் என்னும் சிற்றூரின் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. மொத்தம் சுமார் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்தான். வயலூருக்குச் சற்று வடக்கே சதுரங்கப்பட்டினம். அதற்கும் வடக்கே மாமல்லபுரம்.

ஆகவே, ஆம்பூர்க்காரர் மாமல்லபுரம் போவது அந்நிய ஊருக்குப் போவது அல்ல. தம் வீட்டுப் பக்கத்து ஆறு எங்கே போய் முடிகிறது என்று பார்த்து வருவதுதான்.

வேலூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 140 கிலோமீட்டர். ஆம்பூர் ஜனங்கள் இன்னும் 50 கிலோமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் காஞ்சிபுரம் வரை போய், அங்கிருந்து மாமல்லபுரத்துக்கு பஸ் மாறலாம். ரெயில் பிரியர்கள் அரக்கோணத்தில் இறங்கிச் செங்கல்பட்டு ரெயிலைப் பிடிக்கலாம். அங்கிருந்து பஸ்.

வழியை அவசரமாகக் கடந்துவிட வேண்டியதில்லை. வாலாஜாபாத்தைத் தாண்டியதும் பழையசீவரம் வரும். எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் அது. அங்கே பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு ஒன்று, 15 படுக்கை கொண்ட மருத்துவசாலையைப் பற்றிக் கூறுகிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை சேகரிப்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் எல்லோருக்கும் சம்பளம் எவ்வளவு என்பது வரை கல்லில் இருக்கிறது! பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேர்போன வேலூரின் ஆற்றங்கரையிலேயே, சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது என்பது வேலூர்வாசிகளுக்குப் பெருமைதானே?

செங்கல்பட்டைத் தாண்டினால் திருக்கழுக்குன்றம். முன்பெல்லாம் உச்சி வேளையில் இரண்டு கழுகுகள் மலைக்கு வந்து பண்டாரத்தின் கையால் அன்னம் உண்டு போகும். இப்போது அவை வருவதில்லை. ஆனால் மலைமேல் வேதகிரீசுவரர் இருக்கிறார். கீழே, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் என்று பக்தர்கள் நம்பும் சங்கு தீர்த்தம் இருக்கிறது.

முதல் நாள் மாலை: ஒன்றும் செய்ய வேண்டாம்

மாமல்லபுரத்தில் இறங்கியவுடன் வழிகாட்டியைத் தேடி ஓடுவது பலர் செய்யும் காரியம். முதல் மாலையை அப்படிச் செலவழிக்க வேண்டாம். அறையில் மூட்டையை வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடக்க வேண்டும். மணலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுவதும் செருப்போடு மல்லாடும் ஜனங்களுக்கு இதைவிடப் பெரிய விடுதலை என்ன இருக்கிறது?

தோல் ஷாப்பின் நெடி, பசையின் நெடி, தையல் எந்திரங்களின் ஓயாத சத்தம் எல்லாம் அந்த உப்புக் காற்றில் கரைந்து போகும். குழந்தைகள் மணலில் வீடு கட்டட்டும். பெரியவர்கள் சும்மா உட்காரட்டும். இங்கே சூரியன் கடலில் அஸ்தமிக்காது, ஊருக்குப் பின்னால்தான் மறையும். அதனால் என்ன? பௌர்ணமியை ஒட்டிப் போனால், கடலிலிருந்து சந்திரன் எழுந்து வரும் காட்சி கிடைக்கும்.

மாசி மகப் பௌர்ணமியில் போகிறவர்களுக்கு இன்னொரு காட்சியும் உண்டு. வட மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் வந்து, இந்த மணலில் தற்காலிகக் குடில் போட்டுத் தங்கி, விடியலில் கன்னியம்மனை வழிபடுவார்கள். பெண் பார்ப்பதும், கல்யாணம் பேசி முடிப்பதும், கடலோரத்திலேயே தாலி கட்டுவதும் உண்டு. விடுமுறை, கோயில், உறவு மூன்றையும் ஒரே மணலில் முடித்துக்கொள்ளும் அந்த ஜனங்களுக்குக் கடற்கரை ஓய்வைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் விடியல்

விடுமுறையில் கூட விடியற்காலம் எழுந்திருப்பதா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் காலை ஆறு மணிக்குக் கிடைப்பது பத்து மணிக்குக் கிடைக்காது. கிழக்கே கடலிலிருந்து சூரியன் மேலே வரும். மீன் பிடிக்கப் போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். வலையை உதறும்போது நெத்திலி வெள்ளிக் காசு போலச் சிதறும். சங்கரா, வஞ்சிரம், இறால் எல்லாம் மணலிலேயே விலை பேசப்படும். ஆம்பூர் பிரியாணிக்கு நாக்கைப் பழக்கியவர்கள், இரண்டு நாளைக்கு அதை மறந்து, கடல் மீன் குழம்புக்கு இடம் கொடுத்துப் பார்க்கலாம்.

வெயில் ஏறுவதற்கு முன் கடற்கரைக் கோயில். ராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. 1984ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் மாமல்லபுரத்துச் சிற்பங்களும் கோயில்களும் இடம் பெற்றிருக்கின்றன. கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் அன்றைய தினத்துக்கு ஒரே நுழைவுச் சீட்டு போதும். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

அங்கிருந்து அர்ச்சுனன் தபசு. சுமார் 90 அடி நீளமுள்ள பாறை முழுவதும் தேவரும் முனிவரும் யானையும் மானுமாக உயிர் பெற்று நிற்கின்றன. அவசரக்காரர்கள் யானையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் பூனையைத் தேட வேண்டும். தவம் செய்யும் முனிவரைப் போலவே முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிப் பூனை ஒன்று பொய்த்தவம் செய்கிறது! அதை நம்பி எலிகள் அதன் காலடியில் கூடியிருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுக்கு முந்தைய சிற்பியின் குறும்பு இது. பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஓர் ஆயர் பால் கறக்க, பசு கன்றை நக்கிக் கொடுக்கிறது. மாடு வளர்த்தவர்கள் பார்த்தால், செதுக்கியவன் மாட்டை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறான் என்று வியந்து போவார்கள்.

சரிவில் எந்த நிமிடமும் உருண்டு விடுவது போல நிற்கும் வெண்ணெய்ப் பந்தை முதுகால் தள்ளிப் பார்ப்பது இங்கே வருகிற எல்லோரும் செய்யும் வீரச் செயல். யாரும் இதுவரை வென்றதில்லை. பெருமாளைச் சேவிக்க விரும்புகிறவர்களுக்கு ஊர் நடுவே தலசயனப் பெருமாள் கோயில் இருக்கிறது. 108 திவ்விய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் அவதரித்த ஊரும் இதுவே.

கைத்தொழிலுக்குக் கைத்தொழில்

ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் உளிச் சத்தம் கேட்கும். 1957ஆம் ஆண்டு இங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது இன்று அரசினர் கட்டிட, சிற்பக் கலைக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கடையில் பொம்மை வாங்குவதைவிடப் பட்டறை வாசலில் அரை மணி நேரம் நிற்பது சுவையானது. அதிலும் தோல் தொழில் தெரிந்தவர்களுக்கு அது தனி ருசி. தோலில் எந்தப் பக்கம் வலு, எங்கே கத்தி வைத்தால் வீணாகாது என்று அவர்கள் கை பார்ப்பது போலவே, கல்லைத் தட்டி, அதன் ஓசையைக் கேட்டு, எங்கே விரிசல் இருக்கிறது என்று சிற்பி கண்டுபிடிக்கிறார். ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியின் வேலையை நின்று பார்ப்பதில் இருக்கும் மரியாதை, சுற்றுலா வழிகாட்டிப் புத்தகத்தில் கிடைக்காது.

கடலோடு விளையாட்டு வேண்டாம்

கடலில் இறங்காமல் கடற்கரை விடுமுறை ஏது? இறங்கலாம். ஆனால் இந்தக் கரையில் நீரோட்டம் பொல்லாதது. முழங்கால் அளவு நீரில் நிற்பவரையும் காலடி மணலை அரித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திய பழக்கம் இங்கே உதவாது. ஆறு வறண்டு கிடக்கும் சீமையில் நீந்தவே கற்காத இளைஞர்கள், கூட்டமாக வந்து உற்சாகத்தில் ஆழத்துக்குப் போவதுதான் பெரிய ஆபத்து.

கடல் குளியலுக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவே இதைச் சிரமப்பட்டுத்தான் கற்றது. சிட்னிப் பக்கத்தில் ஒரு காலத்தில் பகலில் கடலில் குளிக்கத் தடை இருந்தது. 1902ஆம் ஆண்டு வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர், மான்லி கடற்கரையில் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பட்டப்பகலில் கடலில் இறங்கித் தடையை மீறினார். தடை தளர்ந்தது. கூட்டம் பெருகியது. கூடவே உயிரிழப்பும் வந்தது. அதன் பிறகுதான் 1907ஆம் ஆண்டு பாண்டை கடற்கரையில் உயிர் காக்கும் தொண்டர் சங்கம் தோன்றியது. இன்று அந்த நாட்டில் குழந்தைகளுக்குச் சொல்லும் முதல் பாடம், சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளி என்பதுதான்.

அவர்கள் கற்றதில் நாமும் எடுத்துக்கொள்ள வேண்டியது சிலது உண்டு. காவலர் எச்சரித்த இடத்தில் இறங்கக் கூடாது. தனியே போகக் கூடாது. மது அருந்தியவர் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது. நீரோட்டம் இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கிப் போராடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர்களுக்குக் கணுக்கால் அளவு அலையே போதுமான ஆனந்தம்.

அலையில் துணிச்சல் காட்டும் காட்சியைப் பார்க்க வேண்டுமானால் கரையிலிருந்தே பார்க்கலாம். மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் மீனவர் குப்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேர்ந்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. குழந்தைகளுக்கு வேறு வேடிக்கை வேண்டுமென்றால், வடநெம்மேலியில் 1976 முதல் இருந்துவரும் முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போகலாம்.

ஆறு முடியும் இடம்

ஊருக்குத் திரும்பும் நாள் காலையில் தெற்கே போக வேண்டும். சுமார் 15 கிலோமீட்டரில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் இங்கிருந்து மெல்லிய துணிகளை வாங்கிக் கப்பலேற்றினார்கள். அவர்கள் கட்டிய செங்கல் கோட்டையும், எழுத்தும் சின்னமும் பொறித்த கல்லறைகளும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயர் கப்பல்களும் பிரெஞ்சுக்காரர் கப்பல்களும் இந்தக் கரைக்கு எதிரேதான் பீரங்கிச் சண்டை போட்டன. இப்போது அங்கே அமைதி. கூட்டமும் குறைவு.

கல்பாக்கத்தையும் தாண்டிப் போனால் வயலூர். பல்லவர் வம்சாவளியைக் கூறும் ராஜசிம்மன் கல்வெட்டு உள்ள ஊர். கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க, பாலாற்றின் குறுக்கே ஒரு தடுப்பணையும் இருக்கிறது. அதற்கப்பால் மணல் திட்டு. அதற்கப்பால் கடல்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மணலும் முள் செடியுமாகக் கிடக்கும் பாலாறு இதுதானா? ஆம், இதுதான்!

தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்ட காலம் ஒன்று. பிறகு குரோமியம் வந்தது. தொழில் பெருகியது. கழிவு நீரும் பெருகியது. கிணறுகள் உவர்த்தன. வயல்கள் பாழாயின. வேலூர்ப் பகுதி ஜனங்களின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும், சுத்திகரிக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற தத்துவத்தை இந்திய நாட்டின் சட்டமாக நிலைநாட்டிய தீர்ப்பு அது. தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. ஆண்டுகள் உருண்டன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் குறை தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவும், ஆற்றைச் சீர்படுத்தவும், கண்காணிக்கக் குழு அமைக்கவும் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

இதில் தோல் தொழிலாளியின் நிலை தர்மசங்கடமானது. தொழில் நின்றால் அடுப்பு எரியாது. ஆறு செத்தால் குடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டும் வேண்டும். இரண்டையும் ஒருசேரக் காப்பது முடியாத காரியமல்ல. கழிவைச் சுத்தம் செய்யாமல் வெளியே விடுவதில்லை என்ற நாணயம் இருந்தால், தோலும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும்.

ஆறு செத்துவிடவில்லை என்பதற்குச் சாட்சியும் உண்டு. 2021 நவம்பர் மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வேலூரிலும் வாணியம்பாடியிலும் ஜனங்கள் பாலத்தின்மேல் கூடி நின்று பார்த்தார்கள். அந்த வெள்ளம் வயலூரைத் தாண்டிக் கடலில் போய் விழுந்தது.

போகிறவர்களுக்கு

தை, மாசி மாதங்கள் உத்தமம். வெயில் இதமாக இருக்கும். அந்தப் பருவத்தில்தான் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. கண்டால் தள்ளி நின்று பார்க்க வேண்டும். விளக்கு அடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் உண்டு. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. சனி, ஞாயிறு கூட்டம் அதிகம், அறை வாடகையும் அதிகம். பொங்கல், ரம்ஜான், பக்ரீத் லீவோடு ஒரு நாள் சேர்த்து, கூட்டமில்லாத வார நாளில் போகிறவர்கள் புத்திசாலிகள். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தினால் செலவு பங்காகும். தொப்பி, குடிதண்ணீர், மாற்றுத் துணி, குழந்தைக்கு ஒரு வாளி இருந்தால் போதும்.

வயலூருக்கு மட்டும் கட்டாயம் போய் வர வேண்டும். முகத்துவாரத்தில் நின்று மேற்கே திரும்பினால், அந்த மணல் பாதை நேராக ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போகிறது என்பது நினைவுக்கு வரும். அங்கே ஆற்றில் விடுவது எதுவானாலும், வெள்ளம் வரும் நாளில் இங்கேதான் வந்து சேரும். இதை ஒரு குழந்தை தன் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டு வீடு திரும்பினால், இரண்டு நாள் விடுமுறைக்கு அதைவிட நல்ல பலன் வேறு இல்லை.